பழைய புல்வெளியைக் கணக்கெடுக்க: செடிப் பட்டியல் மட்டும் போதுமா?

தலைமுறைகளாக மேய்ச்சலும் புல்லறுப்பும் நடந்த வெளி. எப்படித் தொடங்குவது?

பதில் 1: பட்டியல் மட்டும் போதாது. பூக்கும் பருவத்தில், அறுப்புக்கு முன், 1 மீட்டர் சதுரச் சட்டத்தை வெளி முழுக்கப் பரவலாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தச் செடி எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று குறியுங்கள். தண்ணீர்த் தொட்டி ஓரம் வேண்டாம். சாணம் சேர்ந்து அங்கே வேறு செடிகள்தான் இருக்கும். கல்வேலி, பட்டி போட்ட இடம், மாட்டுத்தடம் எல்லாம், சட்டம் வைத்த இடங்களைக் குறிக்கும் அதே வரைபடத்தில் ஏறட்டும். பழைய வான்படம் கிடைத்தால் உழுத தடமும் தெரியும்.

பதில் 2: பராமரிப்பில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: அறுத்த புல்லை அப்படியே விடுவது. மட்கி மண் கொழுத்தால் முரட்டுப் புல் ஓங்கி, சிறு பூச்செடிகள் நசுங்கும். விதை முற்றியபின் அறுத்து, அங்கேயே உலர்த்தி, விதை உதிர்ந்ததும் முழுக்க வாரிவிடுங்கள். உரம் கூடவே கூடாது.

கேட்டவர்: மேய்ச்சல் எப்போது?

பதில் 2: அறுப்புக்குப் பின் துளிர்க்கும்போது. ஈரமண்ணில் விடாதீர்கள், குளம்பு கிளறிவிடும்.