டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்துவிட்டால் கேபிள் வேலை சரியாகிவிட்டதா?

முத்தியால்பேட்டைவாசி:
புதிதாகக் கட்டிய வீட்டில் சுவருக்குள் பைப் வைத்து இணையத்துக்காக கேட் 6 வகைக் கேபிள் இழுத்திருக்கிறோம். வேலை செய்தவர் டெஸ்டரை மாட்டிக் காட்டியபோது எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தன. ஆனால் மாடி அறையில் மட்டும் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை, அவ்வப்போது இணைப்பும் அறுந்துபோகிறது. கேபிளில் குறையில்லை, ஸ்விட்சை (இணைய இணைப்பைப் பல அறைகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டியை) மாற்றுங்கள் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

மஞ்சக்குப்பத்தான்:
ஸ்விட்சுக்குப் பணம் போடுவதற்கு முன் கேபிளின் முனையில் உள்ள கனெக்டரைப் பாருங்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகளாக இருக்கும். அந்தச் சிறிய டெஸ்டர், ஒரு முனையின் ஒன்றாம் கம்பி மறுமுனையிலும் ஒன்றாம் இடத்துக்கு வந்திருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். எந்தக் கம்பி எதனோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 3, 6 ஆகிய இரண்டு இடங்களிலும் ஒரே ஜோடியின் கம்பிகள் இருக்க வேண்டும். 'பி' வரிசையில் (T568B எனப்படும் நிற அடுக்கில்) அது பச்சை ஜோடி. நீல ஜோடி அதற்கு நடுவே வரும். சிலர் நான்கு ஜோடிகளையும் அடுத்தடுத்து வைத்து இரு முனையிலும் அப்படியே கிரிம்ப் செய்து (கனெக்டரை அழுத்திப் பொருத்தி) விடுகிறார்கள். அப்போதும் எட்டு விளக்கும் எரியும், ஆனால் முறுக்கினால் குறுக்கீட்டிலிருந்து கிடைக்க வேண்டிய பாதுகாப்பு அந்த ஜோடிகளுக்குக் கிடைக்காது. 'பி' வரிசை என்று அடித்த கனெக்டரில் பச்சையும் வெள்ளைப்பச்சையும் ஒட்டி நின்றால் உங்கள் குறை பெரும்பாலும் அதுதான்.

முதுநகர் கேமராக்காரர்:
வரிசை பற்றிச் சொன்னது சரி. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு சிலர், எல்லா முனையிலும் ஜாக் (சுவரில் பதிக்கும் சொருகுவாய்) வேண்டும், பேட்ச் பேனல் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் பலகை) வேண்டும், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் சான்றறிக்கை வேண்டும் என்று வாடிக்கையாளரைப் பயமுறுத்துகிறார்கள். கேமராவுக்குப் போகும் கேபிளில் நேராகக் கனெக்டர் அடிப்பதை 2018-இல் வந்த டி.ஐ.ஏ. (அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழில் சங்கம்) தரநிலையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான கேமராக்களுக்கு 100 மெகாபிட்டே தாராளம். ஒரு மளிகைக் கடைக்காரரிடம் போய் முழுச் செம்புக் கேபிள்தான் போடுவேன் என்றால், அவர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

மஞ்சக்குப்பத்தான்:
நேராகக் கனெக்டர் அடிப்பதில் எனக்கும் மறுப்பில்லை. அந்தக் கனெக்டர் ஒற்றைக் கம்பிக் கேபிளுக்கென்று (ஒவ்வொரு கம்பியும் மெல்லிய இழைகளாக இல்லாமல் ஒரே திடக் கம்பியாக இருப்பது) செய்யப்பட்டதாக இருந்தால் போதும். செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைத்தான் ஏற்க முடியாது. அதன் மின்தடை செம்பைவிடப் பாதிக்கும் மேல் அதிகம். அதே கேபிளில் கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பும்போது அந்த வேறுபாடு சூடாகவும் மின்னழுத்த இழப்பாகவும் வெளிப்படும். தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத்தில் இன்னொரு கேடும் உண்டு: கனெக்டரின் தகடு முலாமைக் கிழித்து உள்ளே இறங்கும் இடத்தில் உப்புக் காற்றின் ஈரம் சேர்ந்து, அலுமினியம் வெண்பொடியாக அரிக்கிறது. வாங்கும்போதே பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முதுநகர் கேமராக்காரர்:
கடலோரத்துக்கும் மொட்டை மாடிக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயிலும் மழையும் படாத கடைக்குள், மின்சாரம் தனி அடாப்டரில் போகும் கேமராவுக்கு, பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் அந்த அலுமினியக் கேபிளும் ஓடத்தான் செய்கிறது.

மஞ்சக்குப்பத்தான்:
இன்று ஓடும். ஆனால் பூசிய சுவருக்குள் போனதை நாளை யார் மாற்றுவார்கள்? கூலியும் சுவர் உடைப்பும் கேபிள் விலையைவிட அதிகமாகும்போது, கேபிளில் மிச்சம் பிடிப்பது கடைக்காரருக்கு நன்மையாகாது.

முத்தியால்பேட்டைவாசி:
கனெக்டரைப் பார்த்தேன். இரண்டு பச்சையும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. மேலுறையும் கனெக்டருக்குள் நுழையாமல், வெளியே விரலகலத்துக்குக் கம்பிகள் பிரிந்து கிடக்கின்றன. இரண்டு முனையையும் மாற்ற வேண்டுமா?

மஞ்சக்குப்பத்தான்:
இரண்டையும் வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. மேலுறை கனெக்டரின் உட்பிடிக்குள் போய் அமர வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கும் விசை முழுவதும் கம்பிகளின் மேலேயே விழும். சுவர்ப் பெட்டிக்குள் ஒரு கையகலம் கூடுதல் கேபிள் விட்டிருந்தால் இது எளிது; இல்லையென்றால் மெதுவாக இழுத்துப் பாருங்கள், 110 நியூட்டனுக்கு (சுமார் 11 கிலோ எடையின் விசைக்கு) மேல் இழுத்தால் உள்முறுக்கே கெட்டுவிடலாம்.

முதுநகர் கேமராக்காரர்:
மற்ற அறைகளின் கனெக்டர்களையும் பார்த்துவிடுங்கள். ஒரே கை அடித்ததென்றால் அங்கேயும் இதே வரிசைதான் இருக்கும். தூரம் குறைவு என்பதால் இன்னும் வெளியே தெரியாமல் இருக்கலாம்.