புதுப்பிப்பு: மணியின் உண்ணிக் காய்ச்சல்

எங்கள் நாட்டு நாய் மணி சாப்பிடவில்லை, எத்தனை முறை குளிப்பாட்டினாலும் உண்ணி போகவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா? ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்திருந்தன. டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை 28 நாள் எழுதினார். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி, பாலோடும் கூடாதாம். அதனால் சோற்று உருண்டைக்குள் வைத்து ஏமாற்றினேன். நான்காம் நாளே தட்டை நக்கினான், ஆனாலும் மாத்திரையை நிறுத்தவில்லை.

என் தப்பு, நாயை மட்டும் கவனித்தது. உண்ணி முட்டையிடுவது நாயின் மேல் இல்லை. சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும்தான், அதுவும் ஆயிரக்கணக்கில்! வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்தேன், படுக்கும் சாக்கை எரித்தேன்.

அப்புறம், தினமும் மணியைப் பேன்சீப்பால் வாருகிறேன். அது அம்மாவுடையது, அவருக்கு இன்னும் தெரியாது. நேற்று இரண்டு உண்ணிகள் கிடைத்தன, இன்று ஒன்றுகூட இல்லை.