யூஎஸ்பி சீரியல் போர்டைப் பல பயனர்களுக்குத் திறந்துவிடுவது எப்படி?

கேள்வி:
உபுண்டு ஓடும் ஒரே கணினி, அதில் யூஎஸ்பி கேபிளால் செருகியிருக்கும் சீரியல் போர்டை (கணினியோடு பைட் பைட்டாகப் பேசும் சர்க்யூட் பலகை) ஏழெட்டுப் பேர் பயன்படுத்த வேண்டும். சிலர் நேரே உட்கார்ந்து வேலை செய்வார்கள், மற்றவர்கள் எஸ்எஸ்எச் வழியாக (நெட்வொர்க்கில் தொலைவிலிருந்து) வருவார்கள். ரூட் என்ற நிர்வாகி தவிர யார் திறந்தாலும் "பர்மிஷன் டினைட்". எல்லோருக்கும் படிக்க, எழுத உரிமை தரும் சிஎச்மாட் 666 கட்டளை போட்டால் ஓடுகிறது, ஆனால் கேபிளைப் பிடுங்கிச் செருகினால் பழையபடி ஆகிவிடுகிறது. எல்லோருக்கும் சுடோ (ரூட்டாகக் கட்டளை ஓட்டும் உரிமை) கொடுக்க மனமில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
சுடோ கொடுக்காதீர்கள், அதில் உறுதியாக இருங்கள். சாதனங்கள் கோப்புகளாகத் தெரியும் டெவ் அடைவில் உங்கள் போர்டின் பெயரில் தெரிவது வட்டில் கிடக்கும் கோப்பு இல்லை, செருகும்போதெல்லாம் கெர்னல் புதிதாக உருவாக்குவது, அதனால்தான் சிஎச்மாட் நிலைப்பதில்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் அதைத் திறக்க உரிமையுள்ள குழு டயல்அவுட், ஆர்ச்சில் யூயூசிபி. ஆட்களை அந்தக் குழுவில் சேர்த்தாலே போதும். குழுவில் சேர்க்கும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி-யோடு சிறிய ஏ-வும் கட்டாயம் வேண்டும், விட்டால் அந்தப் பயனரின் மற்றத் துணைக் குழுக்கள் எல்லாம் பறிபோகும், சுடோ உட்பட.

மறுமொழி 2:
டயல்அவுட்டில் சேர்த்தால் அந்தக் கணினியின் எல்லா சீரியல் போர்ட்டும் திறந்துவிடுமே. தனிக் குழு ஒன்றை உருவாக்கி, யூடெவ் (சாதனம் செருகப்படும்போது அதற்கு உரிமைகளை அமைக்கும் சேவை) விதியில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் வென்டர் எண்ணையும் ப்ராடக்ட் எண்ணையும் வைத்து, இந்த போர்டுக்கு மட்டும் அந்தக் குழுவையும் 0660 உரிமையையும் (உரிமையாளரும் குழுவும் மட்டும் படிக்க, எழுதலாம்) எழுதுங்கள். அதே சிப் உள்ள போர்டு இன்னொன்று இருந்தால் சீரியல் எண்ணும் தேவைப்படும். அப்புறம் யூடெவை ரீலோட் செய்து கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

யூடெவ் விதியில் குழுவுக்குப் பதிலாக யூஅக்சஸ் டேக் போடச் சொல்லும் பதில்கள் நிறையக் கண்ணில் படும். அது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் ஏசிஎல் (தனித்தனிப் பயனருக்கான உரிமைப் பட்டியல்) மூலம் உரிமை தரும், எஸ்எஸ்எச்சில் வருபவருக்குக் கிடைக்காது.

கேட்டவர்:
குழு, விதி இரண்டும் போட்டாயிற்று, மற்றவர்களுக்கு ஓடுகிறது. ஒருவருக்கு மட்டும் லாகவுட் செய்து திரும்பி வந்தும் அதே டினைட்.

மறுமொழி 1:
டிமக்ஸ் (லாகவுட் செய்தாலும் ஷெல்களை ஓடவிட்டு வைக்கும் நிரல்) வைத்திருக்கிறாரா? அந்த விண்டோவிலேயே, பெயர் எதுவும் கொடுக்காமல் ஐடி கட்டளையைப் போடச் சொல்லுங்கள். பெயர் கொடுத்தால் பதிவில் உள்ள குழுக்கள் வரும், கொடுக்காவிட்டால் அந்த ஷெல்லிடம் உண்மையில் இருப்பவை வரும். டிமக்ஸ் சர்வர் பழைய உள்நுழைவில் தொடங்கியதென்றால், அதற்குள் திறக்கும் ஒவ்வொரு ஷெல்லும் பழைய குழுக்களோடுதான் பிறக்கும்.

கேட்டவர்:
அதேதான்! சர்வரை நிறுத்தித் தொடங்கியதும் சரியாகிவிட்டது. மிக்க நன்றி.

மறுமொழி 2:
சரி, இன்னொன்று. ஒரே நேரத்தில் இரண்டு பேர் திறப்பதைக் குழு உரிமை தடுக்காது. இருவரும் படித்தால் வரும் பைட்டுகள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிப்போகும். எல்லோரும் தங்கள் ஸ்கிரிப்டை ஒரே பூட்டுக் கோப்பைக் காட்டி எஃப்லாக் (ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவரைக் காக்க வைக்கும் கட்டளை) வழியாக ஓட்டுவதென்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.