பிரெட்போர்டுக்குச் ‘செருகுபலகை’

அன்பர்களுக்கு வணக்கம்.

பிரெட்போர்டு என்பது மின்சுற்றுகளை ஒட்டாமல் கட்டிப் பார்க்க உதவும், துளைகள் நிறைந்த பலகை. அதற்குத் தமிழில் ‘ரொட்டிப்பலகை’ என்று நண்பர் முன்வைத்த சொல்லை ஏற்க எனக்கு மனமில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் சின்னச் சின்ன மின்சுற்றுகள் கட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அங்கே அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “ரொட்டி தட்டுற பலகையா சேர்?” என்று கேட்டாள் தரம் 9 மாணவி ஒருத்தி. நியாயமான கேள்வி. இலங்கையில் பிரெட் என்றால் பாண். ரொட்டி என்பது கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, தட்டிச் சுடுவது. வானொலியின் தொடக்க காலத்தில் ஆர்வலர்கள் பாண் வெட்டும் மரப்பலகையில் ஆணியடித்துச் சுற்றுக் கட்டினார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. இன்றைய பிளாஸ்டிக் பலகையில் ஆணிக்கு வேலையே இல்லை. பழைய பெயரை மட்டும் நாம் ஏன் சுமக்க வேண்டும்?

‘துளைப்பலகை’ நல்ல சொல்தான். ஆனால் செப்புப் புள்ளிகளோடு, பற்றாசு (உருக்கி ஒட்டும் ஈயம், சோல்டர்) வைத்து ஒட்டும் பலகையிலும் துளைகள் உண்டு. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடலாம்.

என் முன்மொழிவு ‘செருகுபலகை’. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை, நடுவில் ‘ப்’ வேண்டாம். பொருத்துவது, பதிப்பது எல்லாம் நிலையாக இருப்பதற்கு. செருகியதை உருவிவிடலாம். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைக் கூரைத் தகரத்தின் இடுக்கில் செருகிவைப்பார் என் தாத்தா, காலையில் உருவிக்கொண்டு மலைக்குப் போவார். தடையி (ரெசிஸ்டர்), இருவாயி (டயோட்) போன்ற சுற்று உறுப்புகளை நாங்கள் இந்தப் பலகையில் அப்படித்தான் வைத்தெடுக்கிறோம். சுற்று சரிவந்தால் பிறகு பற்றாசு, இல்லையென்றால் உருவி வேறு துளையில் செருகிக்கொள்ளலாம்.

வேலையே அதுதான் என்பதைப் பிள்ளைகள் பெயரிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். போன மாதம் அதே பிள்ளை எல்ஈடியின் இரண்டு கால்களையும் ஒரே நிரையில் செருகிவிட்டாள். 9 வோல்ட் பெட்டரி, 330 ஓம் தடையி, எல்லாம் சரி, வெளிச்சம் மட்டும் வரவில்லை. பலகையைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த தாளை உரித்துக் காட்டினேன். ஐந்து துளைகளுக்கு ஓர் உலோகப் பட்டை, நடுப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டு கால்களையும் அதே பட்டை தொடுவதால் மின்னோட்டம் எல்ஈடிக்குள் போகாமல் பட்டை வழியே போய்விடுகிறது. அவள் கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்தாள். “பூத்தையல் துணியைத் திருப்பினா நூல் எங்கெங்க ஓடுதுன்னு தெரியுமே, அதே மாதிரி” என்றாள். அப்புறம், “இந்த அஞ்சும் ஒரே லயம், சேர். ஒரே கூரை” என்றும் சொன்னாள்.

லயம் என்றால் எங்கள் பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த வீடுகள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அந்த ஐந்து துளைத் தொகுதிக்கு ‘லயம்’ என்றே பெயர். மலையகத்துக்கு வெளியே லயம் என்றால் இசை நினைவு வரும் என்பதால் பொது அகராதிக்கு அதை நான் கேட்கவில்லை. அங்கே ‘நிரை’ போதும். எங்கள் செய்முறைத் தாளில் இரண்டையும் எழுதப்போகிறேன்.

இன்னும் பாக்கியிருப்பது ஜம்பர் வயர், அதாவது பலகையில் ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்குச் செருகும் சிறு கம்பி. ‘தாவுகம்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கம்பி தாவுவதில்லை, இரண்டு நிரைகளைத் தொடுக்கிறது. ‘தொடுகம்பி’ என்றால் தொடக்கூடாத மின்கம்பி நினைவுக்கு வருமோ என்று தயங்குகிறேன். ‘தொடுப்புக்கம்பி’ எப்படி? தையல் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.