கண்ணாடிக் கெண்டைக்குச் செதில் வந்த கதை: உங்கள் குட்டையிலும் நடந்ததா?

நீலகிரி, எமரால்டு பக்கம் இருந்து:

கேரட்டும் உருளையும்தான் நமக்குப் பிழைப்பு. தோட்டத்துக்குத் தண்ணீர் தேக்கும் குட்டையில் கொஞ்சம் கண்ணாடிக் கெண்டை (மிரர் கார்ப், உடம்பில் அங்கங்கே மட்டும் செதில் உள்ள மீன்) வளர்க்கிறேன். 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்த இனம் இது. செதில் சீவுகிற வேலை குறைவு என்பதால் சமையல்காரர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

போன பங்குனியில் சினைக்கு விட நல்ல பெட்டை கிடைத்தது. முதுகோரம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வரிசைச் செதில், மற்ற இடமெல்லாம் வெறும் தோல். ஆணுக்கு மட்டும் கண்ணாடி கிடைக்காமல், உடம்பு முழுக்கச் செதில் உள்ள ஒன்றை விட்டேன். விடிகாலையில் பார்த்தால் பாசி முழுக்கக் கசகசா ஒட்டினது மாதிரி முட்டை.

குஞ்சு விரல் நீளம் வந்ததும் வலை போட்டு 100 எண்ணினேன். 52க்கு முழுச் செதில், 48 கண்ணாடி. பக்கத்துக் குட்டை மீன் உள்ளே புகுந்துவிட்டதோ என்று மடையை இரண்டு தடவை தோண்டிப் பார்த்தேன்.

மீன்வளம் படிக்கிற அண்ணன் மகள் லீவில் வந்தபோது என் கணக்கு நோட்டிலேயே போட்டுக் காட்டினாள். செதிலுக்கு 'எஸ்' (S) என்று ஒரு மரபணு, அதில் பெரிய எஸ், சின்ன எஸ் என்று இரண்டு வகை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு வரும். பெரிய எஸ் ஒன்று இருந்தாலே முழுச் செதில் வரும். சின்ன எஸ் இரண்டும் சேர்ந்தால்தான் கண்ணாடி. "சித்தப்பா, உங்க ஆண் மீன் பெரிய எஸ், சின்ன எஸ் ரெண்டையும் சுமக்குது. அதான் பாதிக்குப் பாதி." 2009இல் அந்த மரபணு எது என்றே கண்டுபிடித்துவிட்டார்களாம், பெயர் எஃப்ஜிஎஃப்ஆர்1ஏ1. கெண்டையிடம் அந்த மரபணுவுக்கு இன்னொரு பிரதியும் இருப்பதால், ஒன்று கெட்டாலும் மீன் பிழைத்துக்கொள்கிறது, செதில் மட்டும் போகிறது.

பெரிய எஸ் இரண்டு உள்ள ஆணும், ஒன்றே உள்ள ஆணும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். டிஎன்ஏ பார்த்தால்தான் முன்கூட்டியே தெரியும். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பழனி மலை, பண்ணைக்காடு:

அண்ணே, உங்களுக்குக் குஞ்சாவது மிஞ்சியது. எனக்குக் கால்வாசி செத்தே போனது, அதுவும் இரண்டு வருஷம் தொடர்ந்து.

என் ஆண், பெண் இரண்டுக்கும் விலா நடுவில் கோடு போட்டது மாதிரி ஒரே வரிசைச் செதில். பார்க்க அவ்வளவு அழகு, ஆசைப்பட்டு ஜோடி சேர்த்தேன். முட்டைக்குள் கண் புள்ளி தெரியும், அப்புறம் பொரிக்கிற நேரத்தில் ஒரு பங்கு வெளுத்து அடியில் படியும். குளிர் என்று நினைத்துத் தார்ப்பாய் போட்டேன், தண்ணீர் மாற்றினேன், ஏரேட்டர்கூட வாங்கினேன். காசு போனதுதான் மிச்சம்.

அது 'என்' (N) என்ற இன்னொரு மரபணுவின் வேலை. கோட்டு மீனிடம் பெரிய 'என்' ஒன்று இருக்கும். தாய், தகப்பன் இருவரிடமும் இருந்தால் நாலில் ஒரு முட்டைக்கு இரண்டு பெரிய 'என்' சேர்ந்துவிடும். அது உயிர் தரிக்காது. பிழைத்த கோட்டு மீன்களும் வளர்ச்சியில் பின்தங்கும். இதை முதல் வருஷமே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு குஞ்சு தப்பியிருக்கும் என்று இன்றும் வருத்தம்தான். கோடும் கோடும் ஜோடி சேர்க்காதீர்கள்.

குன்னூர்க்காரி, இப்போது ஆய்வகத்தில்:

அண்ணன்மார் சொன்னது செதில், கண்ணால் பார்க்கலாம். வளர்ச்சி அப்படி இல்லை. டிஎன்ஏவில் நூற்றுக்கணக்கான இடங்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுகின்றன. அதற்குத்தான் மரபணு வரைபடம் வேண்டியிருக்கிறது. ரோகுவுக்கு 25 ஜோடிக் குரோமோசோம், சாதா கெண்டைக்கு 50. எந்த மார்க்கர் (டிஎன்ஏவில் அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளும் இடம்) எந்தக் குரோமோசோமில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டால், நோய் தாங்குகிற குணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடலாம். ரோகுவில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா நோய்க்கு அப்படித் தேடியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் வேலை எளிதாகத்தான் தொடங்கும். வால் துடுப்பில் அரிசி அளவு துண்டு, ஆல்கஹால் குப்பியில் போட்டு நம்பர் எழுதுவோம். மீனுக்கு ஒன்றும் ஆகாது, துடுப்பு திரும்ப வளர்ந்துவிடும். டிஎன்ஏவில் சி, ஏ என்ற இரண்டு எழுத்து சிஏ சிஏ சிஏ என்று திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை தடவை வருகிறது என்பது மீனுக்கு மீன் மாறும். அதை வைத்துக் குஞ்சின் தாய் தகப்பனைச் சொல்லிவிடலாம், எல்லாக் குஞ்சும் ஒரே குளத்தில் கலந்து வளர்ந்திருந்தாலும்.

ஒரு பண்ணையிலிருந்து வந்த மாதிரிகளை மறக்க முடியவில்லை. இருபது ஜோடி வைத்துச் சினைக்கு விட்டதாகச் சொன்னார்கள். டிஎன்ஏ துண்டுகளைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பார்த்தால் எல்லாக் குப்பிக்கும் ஏறக்குறைய ஒரே கோடுகள். ஒரு கிலோ பெட்டையே லட்சம் முட்டை போடும், அதனால் இரண்டு மூன்று ஜோடியின் பிள்ளைகளே குளத்தை நிரப்பிவிடும். அடுத்த முறை அண்ணனும் தங்கையும் ஜோடி சேரும். மலையில் நம் குட்டைகள் சின்னவை, இந்த ஆபத்து இங்கேதான் அதிகம். தயவுசெய்து வருஷா வருஷம் ஒரே ஜோடியை வைத்து ஓட்டாதீர்கள்.

மறுபடி எமரால்டு:

தங்கச்சி சொன்னதும் என் குட்டையை நினைத்துப் பகீரென்றது. ஆறு வருஷமாக வெளி மீன் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. ஊட்டி, கோத்தகிரி பக்கம் யாரிடமாவது கண்ணாடி ஆண் இருந்தால் சொல்லுங்கள், பதிலுக்கு என்னிடமிருந்து ஒரு பெட்டை தருகிறேன். தங்கச்சி, என் மீனையும் சோதித்துப் பார்க்கக் குப்பி எத்தனை கொண்டுவர வேண்டும், ஆல்கஹால் எங்கே வாங்குவது?