வீடற்றோர் கிளினிக்குக்கு மாணவர் ஏலம்: வரவு எவ்வளவு, மெனக்கெடல் எவ்வளவு?

கணக்கப்பிள்ளை:
கலிபோர்னியாவில் மருத்துவ மாணவர்கள் வீடற்றவர்களுக்கு இலவச கிளினிக் நடத்துகிறார்கள். பெர்க்லியின் சூட்கேஸ் கிளினிக் 1989 முதல் ஓடுகிறது. இப்படிப்பட்ட கிளினிக்குக்குப் பணம் திரட்ட ஏலம் எதற்கு? ஹால் வாடகை, சாப்பாடு, ஒயின் விற்க ஒருநாள் லைசென்ஸ், கார்டு கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவது என்ன? பேசாமல் நன்கொடை லிங்க் அனுப்பலாமே.

ஏலக்காரி:
லிங்க் அனுப்பினால் ஆளுக்கு 20 டாலர் வந்தால் பெரிது. பேராசிரியர் வீட்டில் எட்டு பேருக்கு விருந்து என்று ஏலம் விட்டுப் பாருங்கள். எட்டு மாணவர்கள் தலைக்கு 40 போட்டாலே 320. நமக்குச் செலவு பூஜ்யம். காசு கொடுத்துப் பொருள் வாங்கி ஏலம் விடுகிறவர்களுக்குத்தான் கையைக் கடிக்கும்.

சைலன்ட் ஏலத்தில், அதாவது மேசையில் பொருளோடு வைத்த தாளில் விலையை எழுதிக் கேட்கும் ஏலத்தில், ஆரம்ப விலை சந்தை மதிப்பில் 30–40 சதவீதம், ஒவ்வொரு ஏற்றமும் சுமார் 10 சதவீதம் வைக்கலாம். தொகைகளைத் தாளில் முன்பே அச்சிட்டுவிடுங்கள். பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். கிறுக்கல் கையெழுத்தை வைத்துக்கொண்டு ஜெயித்தவரைத் தேடுவது பெரும்பாடு. மேசைகளை 15 நிமிட இடைவெளியில் மூடுங்கள். ஒரே நேரத்தில் மூடினால் தோற்றவர் அடுத்த மேசைக்குப் போக வழியில்லை, கேஷியர் முன்னால் கூட்டம் முட்டும்.

கணக்கப்பிள்ளை:
வரி? 320 மதிப்புள்ள விருந்தை 320க்கு எடுத்தவருக்கு வரிக் கழிவு எதுவும் கிடையாது. மதிப்புக்கு மேல் கொடுத்த தொகைக்கு மட்டும்தான். 75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பதிலுக்குப் பொருளோ சேவையோ கொடுத்தால், அதன் மதிப்பை அமைப்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சமைத்த பேராசிரியரின் உழைப்புக்கும் கழிவு இல்லை. பொருளாக விற்றால் பொதுவாக விற்பனை வரி வேறு. குலுக்கல் சீட்டு என்றால் மாநில அட்டர்னி ஜெனரலிடம் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) பதிவு, வசூலில் குறைந்தது 90 சதவீதம் அறப்பணிக்கு. இதையெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தலையில் கட்டுவதா?

மருந்துப்பெட்டி:
இரண்டு பேருமே பணம் எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டீர்கள். காசநோய்க்கான தோல் பரிசோதனையை ஊசி போட்ட 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். வாரம் ஒரு மாலை திறக்கிற கிளினிக்கில் செவ்வாய் ஊசி போட்டால் வியாழன் பார்க்க ஆள் இருக்காது, நோயாளியும் வேறு பாலத்தடியில் இருப்பார். ரத்தப் பரிசோதனை என்றால் வந்தபோதே ரத்தம் எடுத்துவிடலாம், ஆனால் லேப் கட்டணம் உண்டு. அடுத்தது கால். ஈரச் சாக்ஸோடு நாள்கணக்கில் நடந்தால் தோல் ஊறிப் புண்ணாகும். சர்க்கரை நோயாளிக்கு அது விரலையே வாங்கிவிடும். காலைக் கழுவிப் பார்த்து, காய்ந்த சாக்ஸ் இரண்டு ஜோடி கொடுக்க வேண்டும். இவை மாதாமாதம் வரும் செலவு; வருஷத்துக்கு ஒருநாள் வரவு இதற்குப் போதாது.

ஏலக்காரி:
அதையே மேடையில் சொல்லிக் கேளுங்கள். நேரடி ஏலத்தின் நடுவில், கூட்டம் கலைவதற்கு முன், ரத்தப் பரிசோதனைக்கென்று 500, 250, 100, 50 எனக் கீழே இறங்கி எண் அட்டையைத் தூக்கச் சொல்லலாம். பதிலுக்கு எதுவும் தராததால் அது முழு நன்கொடை, உங்கள் வரிக் கவலையும் இல்லை. 500க்கு ஒருவரை முன்பே பேசி வையுங்கள். முதல் அழைப்புக்கு ஒரு கையும் எழாவிட்டால் அரங்கம் படுத்துவிடும்.

கணக்கப்பிள்ளை:
மேடையில் நன்கொடை கேட்கும் அந்தப் பத்து நிமிடத்தை ஒப்புக்கொள்கிறேன். விருந்து ஏலமும் இருக்கட்டும். ஸ்பா கூப்பன், சோப்பு, மெழுகுவத்தி அடைத்த பரிசுக் கூடைகள் வேண்டவே வேண்டாம். மதிப்பில் பாதிக்குப் போனால் அதிகம். கார்டு விவரத்தை வாசலிலேயே வாங்குங்கள். மறுநாள் போன் போட்டால் ஜெயித்தவர் எடுக்க மாட்டார்.

ஏலக்காரி:
கூடை இல்லாவிட்டால் 50 டாலர் மாணவன் எதில் கை வைப்பான்? நான் பத்து கூடையாவது வைப்பேன்.