அம்பாறை அரிசியும் உரமும்: மட்டக்களப்பு ரயிலைத் திருகோணமலைத் துறைமுகத்தோடு இணைத்தால் லாபமா?

சம்மாந்துறை மில்:
அம்பாறை மாவட்டத்தில் தண்டவாளமே இல்லை. கிட்டிய நிலையம் மட்டக்களப்பு. திருகோணமலையில் உரத்தை இறக்கி ரயிலில் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, அதே பெட்டிகளில் அரிசியை அனுப்பினால் லொறியை விட மலியுமா? அல்லது பாதையை ஒலுவில் துறைமுகம் வரை நீட்டக் கேட்பதா? பிரேரணை எழுத வேண்டும், கணக்கோடு சொல்லுங்க.

கல்லோயாச் சந்தி:
ரோட்டால் மட்டக்களப்பு–திருகோணமலை ஏறத்தாழ 130 கிலோமீற்றர். ரயில் பொலன்னறுவை வழியாக, இரண்டு பாதைகளும் பிரியும் கல்லோயாச் சந்திக்குப் போய்த் திரும்ப வேண்டும்: சுமார் 120, பிறகு 70, மொத்தம் 190. இரண்டு பாதைகளும் கல்லோயாவில் கொழும்புப் பக்கத்து மாகோவைப் பார்த்தபடிதான் சேர்கின்றன. ஆகவே எஞ்சினைக் கழற்றி, பக்கப் பாதையால் ஓட்டி, மறு தலையில் கொழுவி, பிரேக்கைச் சோதித்த பிறகுதான் புறப்படலாம். 14 மீற்றர்ப் பெட்டிகள் 20 என்றால் எஞ்சினோடு 300 மீற்றர். பக்கப் பாதை அதைவிடக் குறுகினால் வண்டியை இரண்டாகப் பிரித்து நகர்த்த வேண்டிவரும். ஒற்றைப் பாதையில் அந்த நேரமெல்லாம் பயணிகள் வண்டியும் காத்து நிற்கும்.

இரவில் யானை. 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பகுதியில் பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தக் காட்டுக்குள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஒரே நாளில் போய்வரும் என்று கணக்குப் போட வேண்டாம்.

அதோடு, உங்கள் அரிசிக்குச் சந்தை கொழும்பு. கொழும்பு போகும் வண்டிக்குக் கல்லோயாவில் எஞ்சினைத் தலை மாற்றவே தேவையில்லை. உரத்தையும் அரிசியையும் ஒரே வண்டியின் போக்குவரத்தாக எழுதாதீங்க.

மூட்டைக் கணக்கு:
செலவைக் கூட்டுவது இரண்டு முனைகளும்தான். 40 தொன் பெட்டி ஒன்றுக்கு 50 கிலோ மூட்டை 800. 20 பெட்டிக்கு 16,000. லொறியென்றால் மில்லில் ஏற்றி, கடையில் இறக்குவது. ரயிலென்றால் சம்மாந்துறையிலிருந்து 40 கிலோமீற்றருக்கு மேல் லொறி, நிலையத்தில் இறக்கி ஏற்று, கொழும்பில் மறுபடி இறக்கி ஏற்று. மூட்டை தூக்கும் நாட்டாமைக் கூலி மூன்று மடங்கு வரை போகும், சாக்கும் கிழியும்.

கொள்கலன் இந்தத் தொல்லையைக் குறைக்கும். ஆனால் அதைத் தூக்கும் ரீச் ஸ்டாக்கர் இயந்திரம் முழுப் பாரத்தோடு நிற்கும்போது முன் அச்சில் மட்டும் கிட்டத்தட்ட 100 தொன் அழுத்தம். கிரவல் முற்றம் முதல் மாரியிலேயே குழியாகும். தடித்த கொங்கிறீற் வேண்டும். அடுத்தது அச்சுச் சுமை: 25 தொன் அரிசி அடைத்த 20 அடிக் கொள்கலன் சுமார் 27 தொன். இரண்டு கொள்கலனும் 20 தொன் பெட்டியும் சேர்ந்து 74. நாலு அச்சுக்கும் பகிர்ந்தால் 18.5. மன்னம்பிட்டி உட்பட வழியிலுள்ள எல்லாப் பாலங்களுக்கும் அந்தச் சுமை ஆகுமா என்று ரயில் திணைக்களத்திடம் எழுத்தில் வாங்குங்க. பலவீனமான ஒரு பாலம் போதும், எல்லாப் பெட்டியிலும் பாரத்தைக் குறைக்க வேண்டிவரும்.

படுவான்கரை:
ஒலுவிலை இப்போது கேட்காதீங்க. துறைமுகம் 2013-இல் திறந்தது; மணல் வாயிலை அடைத்தது, அலைதடுப்புக்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. ஓயாமல் மணல் தோண்டாமல் கப்பல் வராது. பாதைக்கும் இடமில்லை: காத்தான்குடி முதல் கல்முனை வரை, கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள எழுவான்கரை முழுக்க வீடுகள். வாவிக்கு மேற்கே படுவான்கரையால் போட்டால் மேற்கிலிருந்து வாவிக்கு வடியும் மாரி வெள்ளத்தை மண் அணை மறிக்கும். போதிய மதகுகள் இல்லாவிட்டால் வயல்கள் தாழும், அணையும் அறுத்துக்கொண்டு போகும்.

உரம் பெரும்போக விதைப்புக்கு ஐப்பசி, கார்த்திகையில் வேண்டும். நெல் வெட்டு மாசி, பங்குனி. ஆகவே திரும்பும் பெட்டிக்கு அரிசி இருக்க வேண்டுமென்றால் நெல்லைக் களஞ்சியத்தில் வைத்து ஆண்டு முழுக்கக் குத்தி அனுப்ப வேண்டும். திருகோணமலைச் சீனன்குடா மாவாலையிலிருந்து மா ரயிலில் போவது வேறு கதை. அங்கே ஏற்றும் வசதி நிலையாக உண்டு, பாரமும் பருவம் பார்ப்பதில்லை. மட்டக்களப்பில் கூரையுள்ள சரக்குக் கொட்டகை, 330 மீற்றர்ச் சைடிங் (பக்கப் பாதை), கிழமைக்கு ஒரு நிலையான உர வண்டி: பிரேரணையில் இந்த மூன்றையும் முதலில் எழுதுங்க.